நாற்பத்தொரு ஓட்டைகள்

அந்த ஜன்னல் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் தள்ளுங்கள் சார். இன்னும் கொஞ்சம். ஒரு விரல் சந்து இருக்கிறது பாருங்கள், அது வழியாகத்தான் காற்று வந்து காதில் குத்துகிறது. நகர மாட்டேன் என்கிறதா? பொறுங்கள். இந்த டிக்கெட்டை நாலாக மடித்து அந்த இடுக்கில் செருகிவிடுகிறேன். அவ்வளவுதான். இப்போது கை வைத்துப் பாருங்கள். வராது.

செக்கிங் வந்தால் எடுத்துக் காட்டிக்கொள்ளலாம், கவலைப்படாதீர்கள்.

நீங்கள் கீழே இருந்து வந்த ஆள். ஸ்வெட்டருக்கு மேலே சட்டைக் காலரை எடுத்து விட்டிருக்கிறீர்களே, அதிலேயே தெரிகிறது. கோத்தகிரிக்காரன் அந்த இடத்தில் மப்ளர் சுற்றியிருப்பான். மேட்டுப்பாளையமா? நானும் அங்கேதான் இறங்க வேண்டும். இறங்கி, காரமடை பஸ் பிடிக்க வேண்டும். காரமடையில் என் மச்சான் வீடு. அந்த வீட்டில் என் சம்சாரம் இருக்கிறாள். விருந்துக்குப் போகவில்லை. அறுபத்தெட்டு நாளாக இருக்கிறாள்.

ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஏனென்றால் ஊரில் ஆளுக்கு ஒன்றாகச் சொல்கிறார்கள். குடித்துவிட்டு அடித்தேனாம். நான் டீயைத் தவிர வேறு எதையும் குடித்ததில்லை, அதுவும் சர்க்கரை போடாமல்.

என் பேர் குழந்தைவேலு. டிரையர்கார குழந்தைவேலு என்றால் அரவேனு வரைக்கும் தெரியும். டீ ஃபேக்டரியில் முப்பத்தொரு வருஷம் டிரையர் பார்த்தவன். அரைத்துப் புளிக்க வைத்த இலையைச் சூட்டுக் காற்றில் உலர்த்துகிற மிஷின் அது. உள்ளே போகும்போது சொதசொதவென்று போகும். வெளியே வரும்போது நூற்றுக்கு மூன்று பங்கு ஈரம்தான் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் மூட்டையில் பூசணம் பிடிக்கும். குறைந்தால் கருகல் வாடை அடிக்கும். நான் கையில் எடுத்துக் கசக்கிப் பார்த்தே சொல்லிவிடுவேன். அப்புறம் மீட்டர் வைத்துப் பார்த்தால் அதே நம்பர் வரும். அப்படிப்பட்டவனுக்கு ஈரத்தைப் பற்றி ஒரு பொம்பளை பாடம் எடுத்தால் எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

ஆரம்பம் கனடாவில். என் மகள் இந்துமதி வின்னிபெக் என்கிற ஊரில் இருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் பிரசவத்துக்கு நானும் ரங்கநாயகியும் போனோம். ரங்கநாயகிதான் என் சம்சாரம். ஜனவரி மாசம். வெளியே மைனஸ் இருபத்தாறு. எச்சில் துப்பினால் தரையில் விழுவதற்குள் கல்லாகிவிடும் என்று மருமகன் சொன்னான். துப்பிப் பார்த்தேன், அவ்வளவுக்கு இல்லை. ஆனால் வீட்டுக்குள்ளே நான் பனியனோடு உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தேன் சார். மோர்.

கோத்தகிரியில் என் கதை என்ன? பனியன் மேல் சட்டை, சட்டை மேல் ஸ்வெட்டர், அதன் மேல் கம்பளி, தலையில் குரங்குக் குல்லா, காலடியில் கரண்டு ஹீட்டர். அத்தனையும் இருந்தும் முட்டி இரண்டும் விறைத்துப்போகும். ஹீட்டர் ஓடுகிற ஓட்டத்துக்கு மீட்டர் பம்பரம் மாதிரி சுற்றும். சூடு எங்கே போகிறது? தகரக் கூரை வழியாக வானத்துக்குப் போகிறது. நான் கோத்தகிரி வானத்தைச் சூடாக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மருமகனைப் பிடித்துக் கேட்டேன். நல்ல பையன். ஏணி வைத்து மேலே ஏற்றிக் காட்டினான். கூரைக்கும் சீலிங் தட்டுக்கும் நடுவில் முழங்கால் உயரத்துக்குப் பஞ்சு. ஜன்னல் ஓரமெல்லாம் ரப்பர். கதவைச் சாத்தினால் பொத்தென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். "ரகசியமெல்லாம் ஒண்ணுமில்ல மாமா. சூடு வெளிய போகக் கூடாது, குளிர் உள்ள வரக் கூடாது" என்றான். எனக்கு அது போதும். நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அந்த வீட்டின் கீழ் ரூமில் ஒரு பெட்டி இருந்தது. அதிலிருந்து குழாய் குழாயாக எல்லா ரூமுக்கும் போகும். இருபத்துநாலு மணி நேரமும் விர்ர் என்று ஓடிக்கொண்டே இருக்கும். அதைப் பற்றியும் அவன் ஏதோ சொல்ல வந்தான். நான் காதில் வாங்கவில்லை. சும்மா ஓடுகிற மிஷினைக் கண்டால் எனக்கு ஆகாது. அவர்கள் ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு நாளும் அதன் சுவிட்சை அணைத்து வைத்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. ரங்கநாயகி மட்டும், "என்னமோ தலை கனக்குதுங்க, மூச்சு முட்டறாப்ல இருக்குது" என்றாள். ப்ளேனில் வந்த களைப்பு என்றேன்.

போன புரட்டாசியில் வேலையை ஆரம்பித்தேன். ரிட்டையர் ஆனவன், கையில் நேரம் இருக்கிறது. முதலில் ஓட்டைகளைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஊதுவத்தியைக் கொளுத்தி ஜன்னல் ஓரம், கதவு ஓரம், சுவரும் கூரையும் சேருகிற மூலை என்று மெதுவாகக் கொண்டுபோக வேண்டும். புகை நேராக நின்றால் ஓட்டை இல்லை. எங்கே வளைகிறதோ அங்கே ஓட்டை. நாலு நாள் ஊதுவத்தியும் கையுமாக வீட்டைச் சுற்றினேன். பக்கத்து வீட்டு ஜெபமணி டீச்சர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "என்ன குழந்தைவேலண்ணா, பேய் கீய் வந்துருச்சா? எங்க பாஸ்டரை வேணா வரச் சொல்லட்டுமா?" என்றார். ரங்கநாயகி உள்ளேயிருந்து, "பேயி ஒண்ணும் புதுசா வரலீங்க டீச்சர், முப்பத்தேழு வருசமா இங்கயேதான் இருக்குது" என்றாள். அப்போதெல்லாம் அப்படிப் பேசிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

நாற்பத்தொரு ஓட்டை. வீட்டைப் படமாக வரைந்து ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டேன். படம் இதோ இந்தப் பையில்தான் இருக்கிறது, அப்புறம் காட்டுகிறேன். சின்னதுக்குப் பட்டி வைத்தேன். ஜன்னலுக்கு ரப்பர் ஒட்டினேன். வாசல் நிலையிலும் சுற்றி ரப்பர் ஒட்டினேன். அங்கேதான் முதல் தகராறு. வெள்ளிக்கிழமை ஆனால் நிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பாள். ஈரக் கையோடு பூசினால் ரப்பரில் பசை விட்டுப்போகும். பூசாதே என்றேன். பூசாமல் இருக்க முடியாது என்றாள். கடைசியில் ரப்பருக்கு வெளியே ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டைத் தாண்டாமல் பூசச் சொன்னேன். அதற்கும் ஒத்துக்கொண்டாள்.

பதினேழாம் நம்பர் சமையல்கட்டு வென்டிலேட்டர். அடுப்புக்கு மேலே, முக்கால் அடி உயரம், ஒன்றரை அடி அகலம், சிமெண்டுச் சல்லடை வைத்தது. ஊதுவத்தியைக் கிட்டே கொண்டுபோனதும் புகை பாம்பு மாதிரி ஓடி வெளியே போய்விட்டது. மற்ற நாற்பதையும் சேர்த்தாலும் அது ஒன்றுக்கு ஈடாகாது. பலகை வைத்து ஸ்க்ரூ அடித்து ஓரத்தில் பட்டி பூசிவிட்டேன். "தாளிக்கற பொகை எங்கீங்க போகும்?" என்றாள். தாளிக்காதே என்றேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன்.

அப்புறம் கூரை. கனடாப் பஞ்சு இங்கே யார் தருவார்கள்? நான் யோசித்தேன். ஃபேக்டரியில் டீ சலிக்கும்போது நாரும் பஞ்சுமாகக் கழிவு பறக்கும். எடை இருக்காது, சூடு கடத்தாது. மழைக்காலத்தில் அந்த மூட்டைகள் மேல்தான் வாட்ச்மேன் படுத்துத் தூங்குவான், அவ்வளவு கதகதப்பு. கழிவை வெளியே கொடுக்கக் கூடாது என்று சட்டதிட்டம் எல்லாம் இருக்கிறது. ஆனால் இப்போது ஃபேக்டரி வேலையை மேற்பார்க்கிற டீமேக்கர் என்னிடம் வேலை பழகினவன். அறுபத்திரண்டு மூட்டை. தகரத்துக்கும் பலகைத் தட்டுக்கும் நடுவில் நானே படுத்து ஊர்ந்து, ஒரு சாண் கனத்துக்குப் பரப்பினேன். மூன்று நாள் இருமல்.

முடிந்த அன்றைக்கு ஹீட்டரை அணைத்தேன். வெளியே பதிமூன்று டிகிரி. உள்ளே இருபத்தொன்று. ஹீட்டர் இல்லாமல் இருபத்தொன்று சார். இரண்டு மணிக்கு ஒரு தரம் போய்த் தெர்மாமீட்டரைப் பார்ப்பேன், இருபதுக்குக் கீழே இறங்கவே இல்லை. குல்லாவைக் கழற்றினேன். ரங்கநாயகியே, "முட்டி வலி கொறைஞ்சாப்லதானுங்க இருக்குது" என்றாள். மோர் கேட்டேன், கொடுத்தாள். பனியனோடு உட்கார்ந்து குடித்தேன். பதினெட்டு நாள். அந்தப் பதினெட்டு நாளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஐப்பசி பிறந்தது. அடைமழை. உங்களுக்குத் தெரியாது, எங்கள் பக்கம் ஐப்பசி மழை பிடித்தால் வாரக்கணக்கில் விடாது. அப்போதுதான் சுவர் வேர்க்க ஆரம்பித்தது. ஒழுகவில்லை சார், வேர்த்தது. ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாகத் தண்ணீர் ஓடியது. பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் பூசணம். அவள் கல்யாணக் கூறைப் புடவையை எடுத்துப் பிரித்தால் மடிப்பு மடிப்பாகப் பச்சை. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

நான் பதறவில்லை. ஈரம் எங்கிருந்தோ வருகிறது, அவ்வளவுதானே? வெளியே இருந்து வர வழியில்லை, நாற்பத்தொன்றையும் அடைத்தாகிவிட்டது. அப்படியானால் உள்ளேதான் யாரோ உண்டாக்குகிறார்கள். ஈரம் காட்டுகிற மீட்டர் ஒன்று வாங்கி ஹாலில் மாட்டினேன். நூற்றுக்கு எண்பத்தெட்டு காட்டியது. இலை நிறுக்கிற தராசு ஒன்று வீட்டில் கிடந்தது, அதை எடுத்தேன். துவைத்த துணியை ஈரத்தோடு நிறுத்தேன், கொடியில் காய்ந்த பிறகு நிறுத்தேன். ஒரு நாள் துணியில் மட்டும் இரண்டேகால் கிலோ தண்ணீர் என் வீட்டுக் காற்றில் கலந்திருக்கிறது. இதை அவளிடம் காட்டினேன். எழுதியே காட்டினேன்.

அதிலிருந்து துணி உள்ளே காயக் கூடாது என்று வைத்தேன். ஜெபமணி டீச்சரின் கார் ஷெட்டில் கொண்டுபோய்ப் போட்டாள். இட்லி கூடாது, அத்தனை ஆவி. சப்பாத்தி போடலாம். குளிக்கிற வெந்நீர் அண்டாவுக்கு மூடி, குளியலறைக் கதவை அரை மணி நேரத்துக்குத் திறக்கக் கூடாது. குளிருக்கு உள்ளே எடுத்து வைத்திருந்த துளசித் தொட்டி வெளியே. இதெல்லாம் பெரிய விஷயமா? ஃபேக்டரியில் இதைவிட ஆயிரம் ரூல் உண்டு.

மீட்டர் எண்பத்தைந்துக்கு இறங்கியது. அதற்கு மேல் இறங்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தாள். அவளுக்கு முடி அதிகம், இந்த வயசிலும். தலை காயும்வரை ஷெட்டில் இருந்துவிட்டு வா என்றேன். முடியைத் துண்டால் ஒரு தரம் துவட்டினாள். அப்புறம் கேட்டாள்: "ஏனுங்க, ஃபேக்டரில எலை வாடறதுக்கு அத்தனை பெரிய ஃபேனப் போட்டுக் காத்து ஊதுனீங்களே. வூட்டுல மட்டும் காத்தக் கண்டா ஏனுங்க ஆகமாட்டேங்குது?"

"அது இலை. இது வீடு" என்றேன்.

"அப்ப எலைக்கு இருக்கற கொடுப்பினை எனக்கில்லீன்னு சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டுத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். டீச்சர் பார்த்திருக்க வேண்டும். அந்த அம்மா அதற்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை.

இது அரவேனு. கூட்டம் ஏறுகிறது பாருங்கள். கதவைச் சாத்தச் சொல்லுங்கள். கண்டக்டர், கதவு. இவர்களுக்குச் சொன்னால் ஏறாது.

எங்கே விட்டேன்? மச்சான் வந்தது. என் மச்சான் நஞ்சப்பன், ரங்கநாயகியின் அண்ணன். காரமடையில் தோட்டம், பாக்கு வியாபாரம். மகனுக்குக் கார்த்திகையில் கல்யாணம். கூடப்பிறந்தவள் வீட்டுக்குத்தான் முதல் அழைப்பு, அது முறை. மழையில் வேன் எடுத்துக்கொண்டு மலையேறி வந்துவிட்டார்கள். ஏழு பேர். நஞ்சப்பன், அவர் சம்சாரம், பங்காளிகள் இரண்டு பேர், மூத்த மகள், அவள் புருஷன், ஒரு சித்தி. தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், பத்திரிகை. ரங்கநாயகிக்குக் கால் தரையில் படவில்லை. வடை சுட்டாள், பாயசம் வைத்தாள், இட்லிப் பானையையும் ஏற்றிவிட்டாள். நான் தடுக்கவில்லை. அதையும் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும், அன்றைக்கு நான் இட்லியைத் தடுக்கவில்லை.

ஆனால் மீட்டரைப் பார்த்தேன். தொண்ணூற்று நாலு. என் கண் முன்னாலேயே தொண்ணூற்றைந்து ஆனது. ஹாலில் ஒன்பது பேர். ஒரு ஆள் ராத்திரி படுத்து எழுந்திருப்பதற்குள் ஒரு டம்ளர் தண்ணீரை மூச்சிலேயே விடுகிறான் என்று செல்போனில் படித்திருந்தேன். இவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டு இருக்கிறார்கள். பேசினால் இன்னும் கூடுதல்.

நான் மரியாதையாகத்தான் சொன்னேன். கைகூப்பிச் சொன்னேன். "மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. ஒண்ணு பண்ணலாம். மூணு பேர் உள்ள இருங்க, மத்தவங்க வேன்ல இருங்க. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா மாத்திக்கலாம்."

நஞ்சப்பனுக்குப் புரியவில்லை. "எதுக்குங்க மாப்ளே?"

"மூச்சு, மச்சான். ஏழு பேரு மூச்சு இந்த வூடு தாங்காது."

அந்தச் சமயம் பார்த்துக் கூரைத் தட்டிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. தட்டில் இருந்த பத்திரிகை மேல். மாப்பிள்ளைப் பையன் பேர் மேலேயே. பழுப்பு நிறம். அடுத்த சொட்டு நஞ்சப்பன் வேட்டியில். பட்டுக்கரை வேட்டி. அண்ணாந்து பார்த்தால் பலகை இடுக்கெல்லாம் வரிசையாகச் சொட்டுகள் திரண்டு நிற்கின்றன. உள்ளே இருந்த ஆவியெல்லாம் மேலே ஏறி, டீக் கழிவில் ஊறி, டிக்காஷனாக இறங்கிக்கொண்டிருக்கிறது.

நான் ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். பழக்கதோஷம் சார். முப்பத்தொரு வருஷம் ருசி பார்த்த நாக்கு. நிறம் நல்ல நிறம், சாரம் இல்லை. அதைச் சொல்லவும் செய்தேன்.

நிமிர்ந்து பார்த்தால் ரங்கநாயகி பாயச டம்ளர் தட்டோடு சமையல்கட்டு வாசலில் நிற்கிறாள். எப்போது வந்தாள், எதிலிருந்து கேட்டாள் என்று தெரியாது. தட்டை மேஜை மேல் வைத்தாள். எல்லோருக்கும் டம்ளரை எடுத்துக் கையில் கொடுத்தாள், எனக்கும் கொடுத்தாள். உள்ளே போய்க் கனடாவுக்குக் கொண்டுபோன அந்தப் பையோடு திரும்பி வந்தாள்.

"எந்திரிங்கண்ணா. மழை வலுக்கறதுக்குள்ள மலை எறங்கிரலாம்" என்றாள்.

நஞ்சப்பன், "அம்மிணி, ஒக்காரு, பேசிக்கலாம்" என்றார்.

அவள் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். "என்ற மூச்சையும் கூட்டீட்டுப் போறேனுங்க. உங்க சொவரு காயட்டும்."

கத்தவில்லை, அழவில்லை. ரப்பர் பிய்ந்துவிடாமல் வாசல் கதவைப் பதமாகச் சாத்திவிட்டுப் போனாள். பொத்தென்று அந்தச் சத்தம். கனடாச் சத்தம்.

இப்போது ஒன்று கேட்கிறேன். நியாயமாகப் பதில் சொல்லுங்கள். அவள் போன ஒன்பதாம் நாள் சுவர் காய்ந்துவிட்டது. கண்ணாடியில் ஒரு சொட்டு இல்லை. கூரை சொட்டுவது நின்றது. மீட்டர் அறுபத்தொன்று. மழையும் அப்போதுதான் விட்டது என்பார்கள், அது வேறு விஷயம். ஓட்டை அதே நாற்பத்தொன்று, எல்லாம் அடைத்தபடி இருக்கிறது. வீட்டில் மாறினது ஒன்றே ஒன்று. அப்படியானால் என் கணக்கில் தப்பு எங்கே?

இதை மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். "அப்பா, எங்க வீட்ல கீழ ஒரு பெட்டி ஓடுமே, அது எதுக்குன்னு நினைச்சீங்க?" என்றாள். "உள்ள இருக்கிற காத்தை வெளிய அனுப்பிட்டு வெளிக் காத்தை உள்ள எடுக்கத்தான். அடைக்கிறது பாதி வேலைப்பா. அதுதான் மீதிப் பாதி." மெனக்கெட்டு அடைத்துவிட்டு, அதற்கப்புறம் மிஷின் வைத்துக் காற்றை உள்ளே விடுவார்களாம். நான் போனை வைத்துவிட்டேன். அதற்கு அப்புறமும் கூப்பிடுகிறாள். "அம்மாகிட்டப் பேசினீங்களா" என்று கேட்பாள். சிக்னல் இல்லை என்பேன்.

கல்யாணத்துக்குப் போனேன். போகாமல் இருக்க முடியுமா? மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தேன். பந்தியில் அவள் பரிமாறிக்கொண்டு வந்தாள். என் இலைக்கு எதிரே நின்று, "ரசம் வேணுங்களா?" என்று கேட்டாள். வேணும் என்றேன். ஊற்றினாள். அடுத்த இலைக்குப் போய்விட்டாள். நல்ல ரசம். ஆவி பறந்தது.

கை கழுவுகிற இடத்தில் நஞ்சப்பன் வந்து பக்கத்தில் நின்றார். கோபமெல்லாம் இல்லை, பெரிய மனுஷன். "அம்மிணி ஒண்ணே ஒண்ணுதானுங்க கேக்குது மாப்ளே. அந்தச் சமையல்கட்டு வென்டிலேட்டர்ல அடிச்ச பலகையக் கழட்டிரோணுமாம். மத்த நாப்பதும் உங்க இஷ்டமாம். கழட்டிட்டீங்கன்னா அன்னைக்கே பஸ் ஏறிருமாம்."

ஒன்றுதானே, கழற்றிவிட்டால் என்ன என்று நீங்களும் நினைக்கிறீர்கள். உங்கள் முகத்தில் தெரிகிறது. டிரையரில் பன்னிரண்டு கதவு சார். பதினொன்று சரியாக மூடி, ஒன்று அரை அங்குலம் திறந்திருந்தால் அன்றைய சரக்கு முழுக்க வீண். இதை நான் எத்தனை பையன்களுக்குச் சொல்லியிருக்கிறேன். நானே போய் ஒரு கதவைத் திறந்து வைப்பதா? நாளைக்கு அந்த டீமேக்கர் பையன் வீட்டுக்கு வந்து பார்த்தால் என்ன நினைப்பான்?

குஞ்சப்பனை செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டோம். இனி வேர்க்க ஆரம்பிக்கும். முன்சீட்டுக்காரர் ஸ்வெட்டரைக் கழற்றுகிறார் பாருங்கள்.

ஆனால் சார், ஒரு விஷயம் எனக்குப் பிடிபடவில்லை. அதற்குத்தான் இன்றைக்குக் கிளம்பினேன்.

வீடு சூடு பிடிக்க மாட்டேன் என்கிறது.

முன்னே இருபத்தொன்று இருந்ததே, இப்போது பதினாலு. முந்தாநாள் பதிமூன்றரை. ஈரமே இல்லை, கூரை காய்ந்து கிடக்கிறது, ரப்பர் ஒன்றுகூட விடவில்லை. நான் அடுப்பே பற்றவைப்பதில்லை, சாப்பாடு மூன்று வேளையும் மெஸ்ஸில். வெந்நீர் ஒரு வாளி, அதுவும் ஒன்றுவிட்டு ஒரு நாள். டி.வி. போடுவதில்லை. யாரும் வருவதில்லை, அதனால் கதவைத் திறந்து மூடுகிற நஷ்டம்கூடக் கிடையாது. ஒரு வீட்டை இதைவிட ஒழுங்காக வைத்துக்கொள்ள முடியாது. இருந்தும் பதினாலு. குல்லாவைத் திரும்ப எடுத்துவிட்டேன். ஹீட்டரையும்.

அப்படியானால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. நாற்பத்திரண்டாவது. நான் நம்பர் போடாத, எனக்குத் தெரியாத ஓட்டை.

தேடாத இடமில்லை. ஊதுவத்தி இரண்டு பாக்கெட் தீர்ந்துவிட்டது. ஒவ்வொரு மூலையாகக் கொண்டுபோகிறேன், புகை கொடிமரம் மாதிரி நேராக நிற்கிறது. அவள் படுக்கிற பக்கம், அவள் துணி வைக்கிற அலமாரி, சமையல்கட்டு. சமையல்கட்டில் ஒரு கொடி இருக்கிறது, அதில் அவள் துண்டு ஒன்று அப்படியே தொங்குகிறது, போன அன்றைக்குப் போட்டது. எடுத்து மடிக்கவில்லை. நிறுத்து மட்டும் பார்த்தேன். நூற்றெண்பது கிராம், அடுத்த வாரமும் நூற்றெண்பது. துளி ஈரம் இல்லை. அதில் கோளாறு இல்லை.

அவளுக்குத்தான் தெரிந்திருக்கும். முப்பத்தேழு வருஷம் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தவள். போகிற போக்கில் எங்கேயாவது எதையாவது தளர்த்திவிட்டுப் போனாளோ என்னவோ, சொல்ல முடியாது. இல்லையென்றால் முதலிலிருந்தே ஒன்று இருந்து, அதை அவள் எதையாவது வைத்து மறைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

சிரிக்கிறீர்களா? இல்லையா? சரி.

போன செவ்வாய்க்கிழமையும் இதே பஸ்ஸில்தான் வந்தேன். அதற்கு முந்தின வாரமும். மேட்டுப்பாளையம் ஸ்டாண்டில் இறங்கி, ஒரு டீ சொல்லி, காரமடை வண்டி நிற்கிற இடத்தில் நின்று பார்த்தேன். இரண்டு வண்டியை விட்டேன். அப்புறம் மலை வண்டியிலேயே திரும்ப ஏறிவிட்டேன். கையில் ஒன்றும் இல்லாமல் போய் நின்றால் என்ன சொல்வது? இன்றைக்கு அப்படி இல்லை. படம் கொண்டுவந்திருக்கிறேன். இதோ பாருங்கள். இது ஹால், இது வாசல் நிலை, இது ஒன்று, இது இரண்டு. பதினேழு இங்கே, சிவப்பு மையில். கடைசியில் நாற்பத்திரண்டு என்று எழுதி எதிரே காலியாக விட்டிருக்கிறேன்.

பென்சிலும் இருக்கிறது. சீவிக் கொண்டுவந்தேன்.

மேட்டுப்பாளையம் வந்துவிட்டது. கண்ணாடியைத் திறக்கிறீர்களா? திறங்கள், இங்கே கீழே பரவாயில்லை. அந்த டிக்கெட்டை மட்டும் எடுத்துக் கொடுங்கள். பார்த்து, பறந்துவிடப்போகிறது.

காரமடை வண்டி அந்தப் பக்கம்தானே நிற்கும்? நீங்களும் அந்தப் பக்கம்தான் போகிறீர்களா? அப்படியானால் கொஞ்சம் மெதுவாக நடங்கள், முட்டி. நான் வண்டியில் ஏறுகிறவரைக்கும் கூட நின்றால் போதும்.

ஒன்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன் சார், நாளைக்கு நீங்களும் வேறு மாதிரி சொல்லக் கூடாது. நான் அவளைக் கூப்பிடப் போகவில்லை. பலகையைக் கழற்றுகிறேன் என்று சொல்லவும் போகவில்லை. ஓட்டை எங்கே என்று கேட்கத்தான் போகிறேன். அதுவும் அங்கே உட்கார்ந்துகொண்டு வாயால் சொன்னால் எனக்கு விளங்காது. படத்தில் காட்டினாலும் விளங்காது. வீட்டுக்கு வந்துதான் காட்ட வேண்டும்.